நூறு பவுண்டுக்குள் ஒரு கணினி

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் வீட்டுக்கு ஒரு கணினி வாங்க நினைத்தவர் பல நூறு பவுண்டு செலவழிக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து இயங்கிய சயன்ஸ் ஆஃப் கேம்பிரிட்ஜ் என்னும் சிறு நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட இசட்எக்ஸ் 80-இன் விலையோ 99.95 பவுண்டுதான், பாகங்களை மட்டும் வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துக்கொள்ளத் தயாராக இருந்தவர்களுக்கு 79.95. அடுத்த ஆண்டு மார்ச் மாதம், சின்கிளேர் ரிசர்ச் என்ற புதிய பெயரோடு, அதே நிறுவனம் இசட்எக்ஸ் 81-ஐக் கொண்டுவந்தபோது விலை 69.95 பவுண்டாகவும் பாகங்களாக வாங்கினால் 49.95 பவுண்டாகவும் இறங்கியது. அந்தக் கணினி பதினைந்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

மட்டமான பாகங்களைப் போட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து விற்றார்கள் என்பதே இந்த மலிவுக்குப் பலரும் சொல்லும் விளக்கம். பெட்டியைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் உள்ளே இருந்த இசட்80 செயலி, அமெரிக்காவில் டிஆர்எஸ்-80 போன்ற விலை கூடிய கணினிகளிலும் இருந்த அதே வகைச் செயலிதான். சின்கிளேர் நிறுவனம் பாகங்களின் தரத்தைவிட அவற்றின் எண்ணிக்கையைக் குறைப்பதில்தான் உண்மையான மிச்சத்தைக் கண்டது. மற்றவர்கள் ஒரு வேலைக்குத் தனியாக ஒரு சில்லைப் (சிப்) போட்ட இடத்தில், இவர்கள் அந்த வேலையை ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்த ஏதோ ஒன்றின் தலையில் கட்டினார்கள், அல்லது வாங்குபவரின் வீட்டில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியிடமும் ஒலிநாடாக் கருவியிடமும் ஒப்படைத்தார்கள். அப்படி மிச்சமான செலவின் ஒரு பகுதியை வாங்கியவர் வேறு வகையில், பெரும்பாலும் தம் நேரத்தால், செலுத்தினார்.

இந்தப் பழக்கம் அந்த நிறுவனத்தை நடத்திய கிளைவ் சின்கிளேருக்குக் கணினியோடு வந்ததன்று. 1961-இல் சின்கிளேர் ரேடியானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், தொடக்க ஆண்டுகளில், தயாரிப்பாளர்கள் கழித்துவிட்ட டிரான்சிஸ்டர்களை மொத்தமாக வாங்கி, ஒவ்வொன்றாகச் சோதித்து, எதற்குப் பயன்படுமோ அதற்கு விற்றவர். 1974-இல் வந்த அவருடைய அறிவியல் கணிப்பானில், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றுக்காக டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் உருவாக்கிய சில்லு ஒன்றே இருந்தது. வெறும் 320 ஆணைகளுக்கே அதில் இடம் உண்டு. அந்த இடத்துக்குள் முக்கோணவியல் சார்புகளையும் மடக்கையையும் நைஜல் சியர்ல் திணித்துவிட்டார். விடைகள் மெதுவாக வந்தன. கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. ஆனாலும் ஒரு மாணவர் வாங்கக்கூடிய விலையில் அது கிடைத்தது. பின்னாளில் கணினிகளில் நடந்ததெல்லாம் இந்தக் கணிப்பானிலேயே தொடங்கிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

ரேடியானிக்ஸ் நட்டத்தில் ஆழ்ந்து, பிரிட்டிஷ் அரசின் தேசிய நிறுவன வாரியத்தின் கைக்குப் போனபோது, சின்கிளேர் 1979-இல் அதிலிருந்து வெளியேறினார். அதற்கு முன்பே அவருடைய மற்றொரு நிறுவனமான சயன்ஸ் ஆஃப் கேம்பிரிட்ஜிலிருந்து கிறிஸ் கர்ரி 1978-இல் 39.95 பவுண்டு விலையில் எம்கே14 என்னும் கணினித் தொகுப்பை விற்றுக் காட்டியிருந்தார். கணினிக்கு மக்களிடம் கிராக்கி இருக்கிறது என்பது அதில் தெரிந்தது. கர்ரி விலகிப்போய் ஹெர்மன் ஹவுசருடன் ஏகார்ன் நிறுவனத்தைத் தொடங்கினார். சின்கிளேரோ தம் பழைய பொறியாளர் ஜிம் வெஸ்ட்வுட்டிடம் நூறு பவுண்டுக்குள் அடங்கும் கணினியை வடிவமைக்கும் பொறுப்பைக் கொடுத்தார்.

வெஸ்ட்வுட் செய்ததைப் புரிந்துகொள்ள, அன்றைய தொலைக்காட்சியில் படம் எப்படித் தோன்றியது என்பதைச் சிறிது பார்க்க வேண்டும். படக்குழாயின் பின்னாலிருந்து வரும் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோட்டை இழுக்கும். பிறகு அதற்குக் கீழே அடுத்த கோடு. ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோநொடி. கற்றை ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்தப் புள்ளி ஒளிர வேண்டும், எது இருள வேண்டும் என்ற சைகை தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். கற்றை யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே மற்ற கணினிகளில் நினைவகத்தைப் படித்து, எழுத்துகளைப் புள்ளிகளாக மாற்றி, நேரம் தவறாமல் அனுப்புவதற்கென்றே தனி மின்சுற்று ஒன்று இருந்தது. அதில் பல சில்லுகள் தேவைப்பட்டன. இசட்எக்ஸ் 80-இல் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செயலியே செய்தது.

எப்படிச் செய்தது என்பதுதான் சுவையானது. ஒரு செயலி அடிப்படையில் நினைவகத்தில் அடுத்தடுத்த முகவரிகளிலிருந்து ஆணைகளை எடுத்து நிறைவேற்றிக்கொண்டே போகும் பொறி. திரையில் தோன்ற வேண்டிய எழுத்துகளும் நினைவகத்தில் அடுத்தடுத்த முகவரிகளில்தான் இருக்கின்றன. அப்படியானால் அந்த எழுத்துகளையே ஒரு நிரல் என்று எண்ணி நிறைவேற்றும்படி செயலியிடம் சொன்னால், அது அவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டு போகுமல்லவா? ஆனால் எழுத்தின் குறியெண்ணை உண்மையிலேயே ஆணையாக எடுத்துக்கொண்டால் கணினி தாறுமாறாகிவிடும். எனவே நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலுள்ள தரவுத் தடங்களில் மின்தடைகளை வைத்து, செயலி திரைப் பகுதியைப் படிக்கும் வேளையில் மட்டும் செயலியின் பக்கம் உள்ள தடங்களைச் சுழியத்துக்கு இழுத்துவிட்டார்கள். இசட்80-இன் மொழியில் சுழியம் என்பது 'ஒன்றும் செய்யாதே' என்னும் ஆணை. நினைவகம் 'க' என்று சொன்னாலும் 'ம' என்று சொன்னாலும் செயலியின் காதில் விழுவது அந்த ஒன்றும் செய்யாதே என்பது மட்டுமே. அது சும்மா இருந்துவிட்டு அடுத்த முகவரிக்கு நகரும். மின்தடைக்கு மறுபுறம் காத்திருக்கும் சுற்று உண்மையான எழுத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிடித்த எழுத்தைப் புள்ளிகளாக்க, மாறாத தகவலை நிரந்தரமாகத் தாங்கும் ரோம் நினைவகத்தில் அந்த எழுத்தின் வடிவம் இருக்கும் இடத்தை மறுபடியும் படிக்க வேண்டும். இதற்கான நேரமும் இசட்80-இலிருந்தே இலவசமாகக் கிடைத்தது. இயங்குவகை நினைவகச் சில்லுகளில் உள்ள தகவல் தானாகவே கரைந்துபோகும் என்பதால் அவற்றை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். அதற்கு உதவியாக இசட்80, ஒவ்வோர் ஆணையையும் எடுத்த கையோடு, ஒரு புதுப்பிப்பு முகவரியைத் தடங்களில் வெளியிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இசட்எக்ஸ் 80-இல் இருந்ததோ புதுப்பிப்பே தேவைப்படாத நிலைவகை நினைவகம். வீணாகப் போகவிருந்த அந்தக் கணத்தை வெஸ்ட்வுட் எடுத்துக்கொண்டார். செயலிக்குள்ளேயே இருக்கும் ஐ என்னும் சிறு சேமிப்பிடம் (பதிவகம்) முகவரியின் மேற்பகுதியைத் தர, பிடித்து வைத்த எழுத்தும் கோட்டின் எண்ணும் கீழ்ப்பகுதியை நிரப்ப, ரோமிலிருந்து எட்டுப் புள்ளிகள் வெளியே வந்து தொலைக்காட்சிக்குப் போயின. ஓர் எழுத்துக்குச் செயலியின் கடிகாரத் துடிப்புகள் நான்கு, 3.25 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1.23 மைக்ரோநொடி. முப்பத்திரண்டு எழுத்துகளும் 64 மைக்ரோநொடிக்குள் வசதியாக அடங்கிவிடும்.

வரி முடிந்தது என்பதை எப்படி அறிவது? அதற்கு 118 என்னும் குறியெண். அதை இரும எண்ணாக எழுதினால், வலமிருந்து 0 முதல் எண்ணும்போது வரும் ஆறாம் இலக்கம், அதாவது ஆறாம் பிட், 1 ஆக இருப்பதால் சுற்று அதைச் சுழியமாக்காமல் செயலிக்கு அப்படியே விட்டுவிடும். அந்த எண் இசட்80-க்கு 'நில்' என்னும் ஆணை. செயலி நிற்கிறது. நின்றாலும் அதன் புதுப்பிப்பு முகவரிகளை எண்ணும் பகுதி ஓடிக்கொண்டே இருக்கும். செய்யும் வேலையிலிருந்து செயலியை அழைக்கும் குறுக்கீட்டு முனையை ஏ6 என்னும் முகவரித் தடத்தோடு கம்பியால் நேரே இணைத்திருந்ததால், அந்த எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும் செயலி தன்னைத் தானே எழுப்பிக்கொண்டு அடுத்த கோட்டைத் தொடங்கும். நேரங்காட்டிச் சில்லு ஒன்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தது ஒரு கம்பி. இந்த ஏற்பாட்டில் எழுத்துகளுக்கு ஆறாம் பிட் 0 ஆக உள்ள எண்களே கிடைத்தன. அதனால் மொத்தம் 64 வடிவங்களும் அவற்றின் நிறம் மாற்றிய பதிப்புகளும்தான் இடம்பெற்றன. இந்தக் கணினிகளில் ஆங்கிலச் சிற்றெழுத்து இல்லாததை மக்கள் ஒரு வினோதமாகப் பார்த்தார்கள். அதன் காரணம் இங்கே இருக்கிறது.

இதற்கான கடனும் உடனுக்குடன் வசூலானது. செயலி திரையை வரைந்துகொண்டிருக்கும்போது கணக்குப் போட முடியாது. கணக்குப் போடும்போது வரைய முடியாது. இசட்எக்ஸ் 80-இல் நிரல் ஓடத் தொடங்கினால் படம் மறைந்துவிடும். ஒரு விசையை அழுத்தினாலும் திரை ஒரு கணம் துள்ளும். அசையும் விளையாட்டுகளை அதில் எழுதுவது பெரும்பாடு. இசட்எக்ஸ் 81 இதற்கு ஒரு சமரசம் கண்டது. படத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றுக் கோடுகள் கடந்துபோகும் நேரத்தில் மட்டும் பயனரின் நிரல் ஓடும். படம் தொடங்கும் கணத்தில் ஒரு குறுக்கீடு செயலியை மீண்டும் வரைவதற்கு இழுத்துக்கொள்ளும். இப்படி நிரலுக்குக் கிடைத்தது செயலியின் நேரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. அவசரமானவர்கள் படத்தை அணைத்துவிட்டு நான்கு மடங்கு வேகத்தில் கணக்கை ஓட்டிக்கொள்ள ஓர் ஆணையும் இருந்தது.

இசட்எக்ஸ் 81-இன் பெரிய மாற்றம் பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். முந்தைய கணினியில் இருபதுக்கும் மேற்பட்ட சில்லுகள் இருந்தன. இதில் நான்கோ ஐந்தோதான். செயலி, ரோம், நினைவகம் ஆகியவை போக எஞ்சிய எல்லாவற்றையும் ஃபெராண்டி நிறுவனத்தின் யூஎல்ஏ என்னும் ஒரே சில்லு விழுங்கிவிட்டது. ஒரு சில்லை அடியிலிருந்து வடிவமைக்க அந்நாளில் ஏராளமான பணமும் காலமும் பிடித்தன. ஃபெராண்டி வேறு வழி வைத்திருந்தது: மின்சுற்றின் அடிப்படைக் கூறுகளான தருக்க வாயில்களை மட்டும் வரிசை வரிசையாக அமைத்த சிலிக்கானை முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள், வாடிக்கையாளர் கேட்கும் சுற்றுக்கு ஏற்ப, கடைசி உலோக அடுக்கில் எதை எதோடு இணைப்பது என்பது மட்டும் மாறும். புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் முன்பே வைக்கப்பட்டிருக்க, இழுக்கும் கோடுதான் கோலத்தைத் தீர்மானிப்பதைப் போன்றது இது. எல்லாவற்றையும் இணைத்தால் சூடேறும் என்பதால் வாயில்களில் எழுபது விழுக்காட்டையே பயன்படுத்துமாறு ஃபெராண்டி எதிர்பார்த்தது. சின்கிளேரின் பொறியாளர்கள் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அந்தச் சில்லு தொட முடியாத அளவுக்குச் சுட்டதில் வியப்பில்லை.

நினைவகம் 1 கிலோபைட், அதாவது 1024 பைட். இதில் 125 பைட் கணினி தன் சொந்தக் கணக்குவழக்குக்கு எடுத்துக்கொள்ளும். இருபத்து நான்கு வரியும் முப்பத்திரண்டு எழுத்துமாகத் திரையை முழுமையாக நிரப்பினால், வரி முடிவுக் குறிகளோடு சேர்த்து 793 பைட் ஆகும். மீதி 106 பைட்டில் யாரும் எதுவும் எழுத முடியாது. ஆகவே வெறுமையான வரிக்கு அதன் முடிவுக் குறியை மட்டும் வைத்துக்கொண்டு, எழுத எழுதத் திரைப் பகுதி விரியும்படி செய்தார்கள். முன்பு சொன்ன 'நில்' என்னும் ஆணை இங்கே மறுபடியும் கைகொடுக்கிறது: வரியின் எந்த இடத்தில் அது வந்தாலும் செயலி நின்றுவிடும், மீதி வரி வெள்ளையாகவே இருக்கும். சதுரங்கம் ஆடும் நிரலைக்கூட இந்த ஒரு கிலோபைட்டுக்குள் அடக்கியவர்கள் உண்டு.

விசைப்பலகையிலும் இதே சிந்தனை. இசட்எக்ஸ் 81-இல் நகரும் விசைகள் இல்லை. ஒரு தட்டையான படலத்தில் அச்சிட்ட நாற்பது கட்டங்கள். அதில் விரைவாகத் தட்டச்சுச் செய்ய இயலாது என்பதை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால் பேசிக் என்னும் நிரல் மொழியின் சொற்களை எழுத்தெழுத்தாக அடிக்கத் தேவையில்லை. வரியின் தொடக்கத்தில் 'பி' விசையை ஒருமுறை அழுத்தினால் 'பிரிண்ட்' என்ற முழுச் சொல்லும் வந்துவிடும். கைக்கு வேலை குறைந்தது என்பது ஒரு பக்கம். சொல் முழுவதும் நினைவகத்தில் ஒரே பைட்டாக அமர்ந்தது என்பதும், தவறாக எழுதிய சொற்களைச் சலித்தெடுக்கும் நிரல் ரோமில் பெரிதாக இடம் பிடிக்க வேண்டாம் என்பதும் மறுபக்கம். நைன் டைல்ஸ் நிறுவனத்தின் ஜான் கிரான்ட் இசட்எக்ஸ் 80-க்காக 4 கிலோபைட்டில் எழுதிய பேசிக் முழு எண்களை மட்டுமே கையாண்டது. ஸ்டீவ் விக்கர்ஸ் அதை 8 கிலோபைட்டாக வளர்த்துத் தசமக் கணக்கையும் சேர்த்தார்.

விற்பனை முறையும் சிக்கனத்தின் பகுதியே. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம். காசோலையை முதலில் அனுப்ப வேண்டும், கணினி பின்னர் அஞ்சலில் வரும். தயாரிப்புச் செலவில் கணிசமான பகுதியை வாங்குபவரே முன்பணமாகத் தந்தார் என்றாகிறது. சொந்தத் தொழிற்சாலையும் கிடையாது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருந்த டைமெக்ஸ் கடிகார ஆலை பூட்டிக் கொடுத்தது. டபிள்யூ. எச். ஸ்மித் கடைகள் இசட்எக்ஸ் 81-ஐ அடுக்கி வைத்தபோது, காகிதமும் பேனாவும் வாங்க வந்தவர் கணினியோடு வீடு திரும்பும் காலம் வந்துவிட்டது. நினைவகத்தை 16 கிலோபைட்டாக உயர்த்தும் துணைப்பெட்டியைப் பின்னால் செருகிக்கொள்ளலாம்; ஆனால் அந்தச் செருகல் தளர்வானது, மேசை சற்று ஆடினாலும் மணிக்கணக்கில் அடித்த நிரல் முழுதும் போய்விடும். எல்லாச் சிக்கனமும் புத்திசாலித்தனமல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1982 ஏப்ரல் 23 அன்று அறிமுகமான சின்கிளேரின் அடுத்த கணினி, ஸ்பெக்ட்ரம், வண்ணத்தோடு வந்தது. 16 கிலோபைட் உள்ளது 125 பவுண்டு, 48 கிலோபைட் உள்ளது 175. பிபிசி ஒளிபரப்புக் கழகத்தின் கணினிக் கல்வித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தைச் சின்கிளேரிடமிருந்து தட்டிச்சென்ற ஏகார்னின் பிபிசி மைக்ரோ இதைவிடப் பெருமளவு விலை கூடியது. (1984-இல் இந்தியப் பள்ளிகளுக்கான கிளாஸ் திட்டத்தில் வந்து சேர்ந்ததும் அந்த பிபிசி மைக்ரோதான்.) ஸ்பெக்ட்ரத்துக்கு ரிச்சர்ட் ஆல்ட்வாசர் வன்பொருளையும் விக்கர்ஸ் ரோமையும் கவனித்துக்கொள்ள, ரிக் டிக்கின்சன் புறவடிவத்தையும் ரப்பர் விசைகளையும் வடிவமைத்தார். இம்முறை படம் வரையும் வேலையை முழுக்க யூஎல்ஏ ஏற்றுக்கொண்டது. செயலி தன் வேலையைப் பார்த்தது.

சிக்கனம் இப்போது வண்ணத்துக்கு இடம் மாறியது. 256-க்கு 192 புள்ளிகள் கொண்ட திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டு வண்ணங்களில் ஒன்றைத் தனித்தனியே குறிக்க 18,432 பைட் வேண்டும். சிறிய ஸ்பெக்ட்ரத்தின் மொத்த நினைவகமே அதைவிடக் குறைவு. எனவே புள்ளி ஒளிர்கிறதா இல்லையா என்பதை மட்டும் 6,144 பைட்டில் வைத்துக்கொண்டு, வண்ணத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டத்துக்கு ஒரு பைட் வீதம் 768 பைட்டில் முடித்தார்கள். ஒரு கட்டத்துக்குள் இரண்டே நிறங்கள்: எழுத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று. சிவப்புச் சட்டைக்காரன் பச்சை மரத்தைக் கடந்தால் மரத்தின் ஓரமும் சிவந்துபோகும். இந்த நிறக் கலப்பைத் தவிர்க்க விளையாட்டு எழுதியவர்கள் ஒரே நிற உருவங்களையும் கறுப்புப் பின்னணியையும் நாடினார்கள். ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளுக்கென்று ஒரு தோற்றம் அமைந்ததே அப்படித்தான்.

இயங்குவகை நினைவகத்துக்கு முகவரியை இரண்டு தவணையாகக் கொடுக்க வேண்டும். முதல் தவணை மாறாவிட்டால் இரண்டாவதை மட்டும் மாற்றி அடுத்தடுத்து வேகமாகப் படிக்கலாம். ஒரு கட்டத்தின் புள்ளி பைட்டும் அதன் வண்ண பைட்டும் முகவரியின் கீழ்ப்பாதியில் ஒன்றாகவே இருக்குமாறு திரையை அடுக்கியதால், யூஎல்ஏ இரண்டையும் ஒரே மூச்சில் எடுக்க முடிந்தது. இதன் விளைவு கண்ணால் காணக்கூடியது. ஒலிநாடாவிலிருந்து ஒரு படம் ஏறும்போது அது மேலிருந்து கீழாக வராது. திரையின் மேல் மூன்றில் ஒரு பங்கில், எட்டுக் கோட்டுக்கு ஒன்றாக மெல்லிய கீற்றுகள் தோன்றும், பிறகு அவற்றை ஒட்டி அடுத்த கீற்றுகள், பங்கு நிறைந்ததும் நடுப்பங்கு, அதன்பின் அடிப்பங்கு. படம் முழுதும் கறுப்பு வெள்ளையில் முடிந்த பிறகு, கடைசி 768 பைட் வரும்போது, மேலிருந்து கீழாக நிறம் வழிந்து இறங்கும். நாடாவிலிருந்து 48 கிலோபைட் ஏற நான்கு நிமிடத்துக்கு மேலாகும். அதுவரை படத்தைச் சுற்றியுள்ள கரையில் வண்ணக் கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். கோடுகள் சீராக ஓடினால் நாடாவின் சைகை சரியாக வருகிறது என்று பொருள். கரையின் நிறம், ஒலிபெருக்கி, நாடா, விசைப்பலகை ஆகிய அனைத்தும் 254 என்னும் எண் கொண்ட ஒரே நுழைவழி (போர்ட்) மூலமாகவே நடந்தன.

ஆனால் 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தின் நினைவகச் சில்லுகளே எனக்கு இந்தக் கதையின் உச்சம். முதல் 16 கிலோபைட்டுக்குச் சாதாரணச் சில்லுகள் எட்டு. மேல் 32 கிலோபைட்டுக்குப் பொருத்தியவை உண்மையில் 64 கிலோபிட் சில்லுகள். தயாரிப்பில் ஒரு பாதி பழுதாகிப்போனவை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் அவற்றை எறியாமல், நல்ல பாதி எது என்று குறித்து, பாதியளவுச் சில்லாகவே மலிவாக விற்றன. ஒரு பைட்டின் எட்டுப் பிட்டுகளையும் எட்டுச் சில்லுகள் பகிர்ந்துகொள்வதால், ஒரு கணினியில் போடும் எட்டிலும் ஒரே பாதி நல்லதாக இருக்க வேண்டும். எந்தப் பாதி என்பதை மின்சுற்றுப் பலகையில் ஒரு சிறு கம்பி இணைப்பு தீர்மானித்தது. கழித்துவிட்ட டிரான்சிஸ்டர்களைச் சோதித்து விற்ற பழைய தொழில் இருபது ஆண்டு கழித்து இப்படித் திரும்ப வந்தது. அதனோடு இலவச இணைப்பாக ஒரு நன்மையும் கிட்டியது: கீழ் 16 கிலோபைட்டை யூஎல்ஏ படித்துக்கொண்டிருக்கும்போது செயலி அங்கே வந்தால், யூஎல்ஏ அதன் துடிப்பை நிறுத்திக் காக்க வைக்கும், மேல் 32 கிலோபைட்டில் அந்தத் தொல்லை இல்லை. வேகம் வேண்டிய நிரல்களை எழுதியவர்கள் அவற்றை 32768 என்னும் முகவரிக்கு மேலே வைத்ததற்கு இதுவே காரணம்.

ஸ்பெக்ட்ரம் தன் காலத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்றது. 1983-இல் சின்கிளேருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1984 ஜனவரியில் 399 பவுண்டுக்கு அறிவித்த கியூஎல் கணினியில் இதே முறை எடுபடவில்லை. மோட்டரோலாவின் 68000 குடும்பத்திலேயே தரவுத் தடம் குறுகிய, விலை குறைந்த 68008 செயலி. வட்டு இயக்கிக்குப் பதிலாக முடிவில்லாமல் சுழலும் நாடாத் துண்டு. அலுவலகத்துக்கு வாங்குபவர், தம் கோப்பை நாடா தின்றுவிடுவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். ரோம் நிரல் எழுதி முடியாத நிலையில் அனுப்பிய முதல் கணினிகளுக்குப் பின்னால், உள்ளே கொள்ளாத ரோமைத் தாங்கிய ஒரு பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. வாங்குபவரின் நேரத்தில் கடன் வாங்கும் வழக்கம், விளையாடவும் கற்கவும் வாங்கிய பதின்வயதினரிடம் செல்லுபடியானதைப் போல் இவர்களிடம் செல்லுபடியாகவில்லை.

1985-இல் அவருடைய சி5 மின்வண்டியும் சேர்ந்து தோற்ற பிறகு, 1986 ஏப்ரலில் சின்கிளேர் தம் கணினித் தொழிலையும் அதன் பெயரையும் 50 லட்சம் பவுண்டுக்கு ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்திடம் விற்றார். அதே ஆண்டு ஆம்ஸ்ட்ராட் கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம் பிளஸ் 2-இல் முறையான விசைப்பலகை இருந்தது, ஒலிநாடாக் கருவி பெட்டியோடு சேர்ந்தே வந்தது, நினைவகம் 128 கிலோபைட்டாகியிருந்தது. ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறம் என்னும் விதி மட்டும் அப்படியே இருந்தது, ஏனெனில் அதை மாற்றினால் அதுவரை எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அந்தக் கணினியில் ஓடியிருக்காது.